உதைபந்தாட்டத்தில் அடிபடாமலே விழுந்து உருளும் வீரர்களுக்குத் தண்டனையே கிடையாதா?

இருக்கிறது. மஞ்சள் அட்டை. கேள்வி கேட்டவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தண்டனை இருந்தும் இவர்கள் ஏன் அடங்குவதில்லை என்பதுதான் அவருடைய எரிச்சல். "கிரிக்கெட்டில் இப்படி நடந்தால் விடுவார்களா?" என்றும் கேட்டிருக்கிறார். மட்டையில் பட்ட பந்தை விக்கெட் காப்பாளர் பிடித்த பிறகும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும் துடுப்பாட்டக்காரர்களை அவர் கண்டதில்லை போலிருக்கிறது. அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.

நான் திருகோணமலைக்காரன். பத்து வருடங்கள் இடது ஓரத்தில் ஓடினேன். முழங்கால் போன பிறகு, ஆட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் விசிலைக் கையில் எடுத்தேன். பெரிய மத்தியஸ்தர் என்று எண்ணிவிடாதீர்கள். பாடசாலைப் போட்டிகள், கழகங்கள் நடத்தும் வெற்றிக்கிண்ணப் போட்டிகள், அவ்வளவுதான். ஓர் ஆட்டத்துக்குக் கையில் தருவது பெட்ரோலுக்கும் ஒரு கொத்துரொட்டிக்கும் சரியாகிவிடும்.

எங்கள் பக்கத்தில் நடித்து விழுபவர்கள் குறைவு. நாங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. கிரவல் மண்தான் காரணம். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது, இருக்கும் கொஞ்சப் புல்லும் கருகிவிடும். மைதானத்தில் மேயும் புள்ளிமான்கள்கூட மரக்கறிக் கழிவு தேடிச் சந்தைப் பக்கம் போய்விடும். அந்த நிலத்தில் ஒரு தடவை சறுக்கி விழுந்தால் தொடையோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்துவிடும். மாலையில் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீர் அதில் படும்போது உயிர் போய் வரும். காலையில் எழுந்தால் சாரம் புண்ணோடு ஒட்டியிருக்கும். அதை நனைத்து நனைத்துப் பிரித்தெடுத்தவன், மறுநாள் பொய்யாக விழ இரண்டு தடவை யோசிப்பான்.

ஐரோப்பாவில் ஆட்டம் தொடங்குமுன் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அங்கே விழுவது இலவசம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எதிரணியின் தண்டப் பகுதிக்குள் ஒருவர் விழுகிறார். மத்தியஸ்தர் நம்பிவிட்டால் பெனல்டி. நான்கு பெனல்டிகளில் ஏறக்குறைய மூன்று கோலாகும். நம்பாமல் கையை அசைத்து "எழும்பு, விளையாடு" என்று போய்விட்டால் நட்டம் எதுவுமில்லை. பொய் என்று உறுதியாகக் கண்டுபிடித்தால் மட்டுமே மஞ்சள் அட்டை. அதுவும் முதல் அட்டையென்றால் ஆட்டம் தொடரும். இன்னொருவரை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே சட்டையில் இழுபடுகிறார், தடுமாறுகிறார், ஆனாலும் விழாமல் ஓடிப்போய்ப் பந்தை வெளியே அடித்துவிடுகிறார். அவருக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. விழுந்தால்தான் விசில் ஊதப்படும் என்பதை மத்தியஸ்தர்களாகிய நாங்கள்தான் வீரர்களுக்குக் கற்பித்தோம். இந்தக் குற்றச்சாட்டில் என்னையும் சேர்த்துக்கொள்கிறேன்.

விதி என்ன சொல்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்ட விதிகளில் 12ஆவது விதி, காயம்பட்டதுபோலவோ தனக்குத் தவறு இழைக்கப்பட்டதுபோலவோ பாசாங்கு செய்து மத்தியஸ்தரை ஏமாற்ற முயல்வதை விளையாட்டுப் பண்பற்ற நடத்தை என்கிறது. விதிகளை வகுக்கும் சர்வதேசச் சபை 1999இல் இதைத் தனியாகப் பெயர் சொல்லி அட்டைக்குரிய குற்றமாக்கியது. இதற்காக ஆட்டத்தை நிறுத்தினால், எதிரணிக்கு மறைமுக ப்ரீ கிக் (நேரே கோலாக்க முடியாத உதை) கிடைக்கும். மைதானத்துக்குள் சிகிச்சை பெற்ற வீரர் வெளியே போய்விட்டு மத்தியஸ்தரின் அனுமதியோடுதான் திரும்ப வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் 2023-24 பருவத்தில், அவர் 30 விநாடிகள் வெளியே நிற்க வேண்டும் என்று வைத்தார்கள். ஆனால் அவரை விழுத்தியவருக்கு அட்டை காட்டப்பட்டிருந்தால், சிகிச்சை சீக்கிரம் முடியும் பட்சத்தில், வெளியே போகத் தேவையில்லை. நல்ல நடிகருக்கு அங்கேயும் ஒரு சலுகை.

2002 உலகக்கிண்ணத்தில் பிரேசிலும் துருக்கியும் மோதிய ஆட்டம் என் தலைமுறைக்கு மறக்காது. ஜூன் 3, திங்கட்கிழமை. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தெருவில் பயமில்லாமல் கூட்டமாக நிற்பதே அப்போது ஒரு கொண்டாட்டம். அந்தப் பின்னேரம் ஒரு தேநீர்க் கடையின் சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் முப்பது பேராவது நின்றிருப்போம். கடைசி நிமிடங்களில் மூலை உதை எடுக்க நின்ற ரிவால்டோவை நோக்கித் துருக்கியின் ஹக்கன் உன்சால் பந்தை உதைத்தார். பந்து காலில் பட்டது. ரிவால்டோவோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டார். உன்சாலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். கடையில் இருந்த பிரேசில் ரசிகர்கள் உட்பட எல்லோரும் சிரித்தோம். வடை எடுத்துக்கொண்டு வந்த கடைக்கார ஐயா மட்டும் "பாவம், கண்ணில் பட்டுவிட்டதா?" என்று கேட்டார். பிறகு பீஃபா ரிவால்டோவுக்கு 11,500 சுவிஸ் பிராங்க் தண்டம் விதித்தது. ஓர் ஆட்டத்துக்குக்கூடத் தடை இல்லை. பிரேசில் கிண்ணத்தை வென்றது, ரிவால்டோ ஐந்து கோல் அடித்தார். அந்தத் தண்டத்தை அவர் எந்தச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாரோ!

பாசாங்குக்குக் கடுமையான தண்டனையே கிடைத்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1989 செப்டெம்பர் 3 அன்று, மரக்கானா மைதானத்தில் பிரேசிலுக்கு எதிரான உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டம். சிலி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு தீச்சுடர் வந்து விழுந்தது. சிலியின் கோல் காப்பாளர் ரொபர்ட்டோ ரோஹாஸ் புகைக்குள் விழுந்து கிடந்தார். முகமெல்லாம் இரத்தம். அணித்தோழர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டே வெளியேறிவிட்டார்கள். புகைப்படங்களைப் பார்த்தால், சுடர் அவர் மேல் படவேயில்லை. கையுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பிளேடால் தன் நெற்றியைத் தானே கீறிக்கொண்டிருந்தார். பீஃபா அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 1994 உலகக்கிண்ணத்திலும் சிலிக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது. ரோஹாஸின் தடை 2001இல் நீக்கப்பட்டபோது அவர் விளையாடும் வயதைத் தாண்டியிருந்தார். இந்தக் கதையில் எனக்கு உறைப்பது ஒன்றுதான்: அங்கே சாட்சி சொல்லப் புகைப்படம் இருந்தது, அதனால்தான் தண்டிக்க முடிந்தது.

அப்படியானால் வீடியோ வந்த பிறகு சரியாகியிருக்க வேண்டுமே என்பீர்கள். பாதி சரியாகியிருக்கிறது. 2018 உலகக்கிண்ணத்தில் கொஸ்டாரிகாவுக்கு எதிராக நெய்மார் கைகளை விரித்துப் பின்பக்கமாகச் சாய்ந்தார். மத்தியஸ்தர் பெனல்டி கொடுத்தார். பிறகு திரையில் பார்த்துவிட்டு அதை மீளப் பெற்றுக்கொண்டார். ஆனால் அந்த விழுகைக்கு நெய்மாருக்கு அட்டை காட்டப்படவில்லை. திருடிய பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு திருடனைத் தேநீர் குடிக்க அனுப்பியது மாதிரி. அதோடு, அந்த உலகக்கிண்ணத்தில் வீடியோ உதவி நான்கு விடயங்களுக்கு மட்டும்தான்: கோல், பெனல்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிக் காட்டப்பட்ட அட்டை. நடு மைதானத்தில் உருண்டு எதிராளிக்கு மஞ்சள் அட்டை வாங்கிக் கொடுத்தவரை எந்தத் திரையும் பிடிக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் 2017இல் வேறு வழியில் முயன்றார்கள். நடித்துப் பெனல்டி வாங்கினாலோ எதிராளியை வெளியே அனுப்ப வைத்தாலோ, ஆட்டம் முடிந்த பிறகு மூன்று பேர் தனித்தனியே வீடியோவைப் பார்ப்பார்கள். மூவரும் ஒரே முடிவுக்கு வந்தால் வீரர்மீது குற்றம் சாட்டப்படும், நிரூபணமானால் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. பிரிமியர் லீக்கில் முதலில் அகப்பட்டவர் எவர்ட்டனின் ஊமர் நியாஸ். கிறிஸ்டல் பலஸுக்கு எதிராக அவர் வாங்கிக் கொடுத்த பெனல்டி கோலானது, ஆட்டம் 2-2 என முடிந்தது. தடை வந்தது, ஆனால் கோல் கோலாகவே நின்றது. இருந்தாலும் எனக்கு இந்த முறை பிடிக்கும். மூன்று பேர், ஆற அமர, ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல். எங்களுக்கு மைதானத்தில் ஒரு விநாடிதான்.

அந்த ஒரு விநாடியைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தேன்.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொய் விழுகையின் அடையாளங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். மோதலுக்கும் விழுகைக்கும் இடையில் ஒரு தாமதம். தள்ளிய வேகத்துக்குப் பொருந்தாத பாய்ச்சல். அடிபட்டது ஓரிடம், பிடித்துக்கொள்வது வேறிடம். எல்லாவற்றிலும் தெளிவானது, இரண்டு கைகளையும் மேலே எறிந்து, நெஞ்சை முன்னே தள்ளி, முழங்காலை மடித்து, நாணேற்றிய வில்போல வளைவது. உண்மையாக விழுகிறவனின் கை தானாகவே நிலத்தைத் தேடும். படித்தபோது அட என்று தோன்றியது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தும் வாயால் சொல்லத் தெரியாமல் இருந்ததை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் அதைப் படிப்பதற்குச் சில வருடங்களுக்கு முன்பே நான் ஒரு தவறு செய்துவிட்டேன்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் அரையிறுதி. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த அணியின் முன்கள வீரன், மெலிந்த பையன், வேகக்காரன். அன்று அவன் ஏற்கெனவே இரண்டு தடவை இலேசாகத் தொட்டதற்கெல்லாம் விழுந்திருந்தான். என் மனதில் அவனுக்கு ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது. கடைசிப் பத்து நிமிடத்தில் தண்டப் பகுதிக்குள் பந்தோடு திரும்பினான். பின்கள வீரன் ஓர் அடி தள்ளியே நின்றான். அதை நான் தெளிவாகப் பார்த்தேன். யாரும் தொடவில்லை. பையன் "அம்மா" என்று கத்திக்கொண்டு விழுந்தான். கைகள் இரண்டும் மேலே போயின. ஓடிப்போய் அவன் தலைக்கு மேலேயே மஞ்சள் அட்டையை நீட்டினேன். "எழும்பு தம்பி, நடித்தது போதும்" என்று வேறு சொன்னேன்.

அவன் எழும்பவில்லை. "சேர், யாரும் அடிக்கவில்லை சேர். கால்..." என்றான்.

அவன் கால் கிடந்த இடத்தைப் பார்த்தேன். முந்திய மாதம் அங்கே நடந்த கார்னிவலுக்குக் கூடாரக் கம்பம் நட்ட குழி. மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள், மழையில் இறங்கிவிட்டது. அவன் பாதம் அதற்குள் கோணலாகச் சிக்கியிருந்தது. கணுக்கால் என் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது. எலும்பில் வெடிப்பு என்று மாலையில் தகவல் வந்தது. ஆட்டம் தொடங்குமுன் மைதானத்தை நடந்து பார்க்க வேண்டியது மத்தியஸ்தரின் வேலை. நான் கோல் வலையை மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

தொலைக்காட்சியின் முன்னால் இருக்கும்போது நாம் எல்லோரும் மறக்கிற விடயம் இது. தவறு இல்லையென்றால் நடிப்பு என்று பொருளல்ல. கால் இடறி, வழுக்கி, மூச்சு முட்டி, தன் பாட்டில் விழுகிறவனும் இருக்கிறான். அவனுக்கு ப்ரீ கிக்கும் இல்லை, அட்டையும் இல்லை, எழும்பி ஓட வேண்டியதுதான். அட்டை காட்டுவதென்றால் மத்தியஸ்தர் இரண்டு விடயங்களில் நிச்சயமாக இருக்க வேண்டும்: தவறு நடக்கவில்லை, இவன் என்னை ஏமாற்றவே விழுந்தான். முதலாவதைக் கண் சொல்லும். இரண்டாவது அவன் மனதுக்குள் இருக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள மத்தியஸ்தர்கள் பலர் கையை அசைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள், அட்டைக்குப் போவதில்லை. கோழைத்தனம் என்று முன்பு நானும் ஏசியிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் நம்புவார்களா என்பது வேறு கதை. 1997இல் ஆர்சனலுக்கு எதிராக லிவர்பூலின் ரொபி ஃபவுலர் கோல் காப்பாளர் சீமனுக்கு முன்னால் விழுந்தார். பெனல்டி என்றார் மத்தியஸ்தர். ஃபவுலர் எழுந்து, அவர் என்னைத் தொடவில்லை என்று கையசைத்தார். மத்தியஸ்தர் அசையவில்லை. ஃபவுலரே உதைக்க வேண்டியதாயிற்று. சீமன் தடுத்தார், திரும்பி வந்த பந்தை மக்கட்டீர் உள்ளே அடித்தார். விழுந்தவன் "தொடவில்லை" என்று சொன்னதைக் கேட்க மறுத்த மத்தியஸ்தர் உலகத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று அதை நினைத்து ஆறுதல் அடைவேன்.

கேட்டவருக்கு என் பதில்: மைதானத்தில் அட்டையைக் கூட்டுவதால் பெரிதாக எதுவும் மாறாது, என்னைப் போன்றவர்களின் தவறுகள்தான் கூடும். ஆட்டம் முடிந்த பிறகு, ஆறுதலாக வீடியோவைப் பார்த்து, தடை போடுங்கள். அதோடு, இழுபட்டும் விழாமல் ஓடுகிறவனுக்கு விசில் ஊதப் பழகுங்கள். வீடியோ எடுக்க வசதியில்லாத எங்கள் போட்டிகளுக்குக் கிரவல் மண் போதும்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயதிருக்கும். மீன் ஏற்றும் சின்ன லொறி ஒன்று வைத்திருக்கிறான். காயம் ஆறி, அதற்குப் பிறகு நான்கைந்து வருடங்கள் விளையாடினான். மருத்துவமனைக்குப் பார்க்கப் போன நாளிலிருந்தே என்மேல் கோபமில்லை. ஆனால் சந்தையடியில் என்னைக் கண்டால் லொறியிலிருந்து இறங்கி, நன்றாக இருக்கும் அந்தக் காலை இழுத்து இழுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஐயோ சேர்" என்று நொண்டி நொண்டி வருவான். பார்க்கிற சனம் ஒதுங்கி வழிவிடும். நான் சட்டைப்பையைத் தடவி, அகப்பட்ட மின்சாரப் பட்டியலையோ பஸ் டிக்கெட்டையோ எடுத்து அவன் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிப்பேன்.