பழங்கட்டடத்தை ஒட்டிப் புதுக்கட்டடம்: முகப்பு அப்புறம், முதலில் உயரமும் தண்ணீரும்

கேள்வி: 400 ஆண்டுப் பழைய கல்மண்டபம் ஒன்றின் அருகில் பார்வையாளர் மையமும் தோட்டமும் வடிவமைக்கிறோம். மண்டபத்தின் வளைவுகளையும் தூண்களையும் புதுக்கட்டடத்திலும் அப்படியே வைக்கச் சொல்கிறார் உரிமையாளர். கண்ணாடியும் இரும்பும் போதும் என்கிறது என் குழு. எது சரி? தோட்டத்தில் என்ன நடலாம்?

பதில்: நீங்கள் எல்லோருமே முகப்பைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சட்டம். இந்தியாவில் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை பொதுவாகப் புதுக்கட்டடமே கூடாது. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். பிரான்சில் பொதுவாக 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. உங்கள் இடத்துக்கு என்ன விதி என்று தெரிந்துகொண்டு பென்சிலை எடுங்கள்.

அடுத்தது உயரம். வருகிறவர் கண்ணில் மண்டபம் முதலில் படுவது எந்த இடத்தில்? அங்கே போய் நில்லுங்கள். நீங்கள் நினைக்கும் உயரத்துக்குக் கம்பங்கள் நட்டு, உச்சியில் கயிறு கட்டி, துணி தொங்கவிடச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் கட்டுமுன் இப்படிக் கம்பம் நட்டுக் காட்டுவது வழக்கமான நடைமுறை. கணினிப் படத்தில் அடக்கமாகத் தெரிந்த கூரை, துணியாகத் தொங்கும்போது மண்டபத்தின் பாதியை மறைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மண்டபத்தை மறைக்காத உயரத்துக்குள் இடம் போதாவிட்டால் மண்ணுக்குக் கீழே இறங்கலாம். பிரான்சின் நீம் நகரில் ரோமானியக் கோயில் ஒன்றின் எதிரே நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கலை மையம் 1993-இல் திறக்கப்பட்டது. ஒன்பது தளங்கள், ஏறத்தாழப் பாதி மண்ணுக்கடியில். முன்னால் ஒல்லியான உலோகத் தூண்கள். எதிரே உள்ள கல்தூண் வரிசை உடனே நினைவுக்கு வரும், ஆனால் அதன் செதுக்கு வேலை எதையும் அவர் நகலெடுக்கவில்லை. டெல்லியில் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்தில் 2024-இல் திறந்த அருங்காட்சியகமும் நிலத்தடியில்தான் இருக்கிறது.

தோண்டும் முன் தொல்லியலாளரை வைத்துச் சோதனைக் குழி போடுங்கள். ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்கான இடத்தில் பழைய குடியிருப்பே வெளிப்பட்டது. இடிபாடுகளுக்கு இடையே தூண்களை நிறுத்தி, மேலே கட்டடத்தை எழுப்பி, 2009-இல் திறந்தார்கள்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். பழைய சின்னத்தில் சேரும் புது வேலை தன் காலத்தைக் காட்டி, தனியாக அடையாளம் தெரிய வேண்டும் என்கிறது பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-இன் வெனிஸ் சாசனம். பக்கத்தில் கட்டுவதற்கும் இந்த நியாயம் பொருந்தும் என்பேன். நகல் வளைவு, எது பழசு என்று வருகிறவரைக் குழப்பும். ஆனால் கண்ணாடி என்றாலே அடக்கம் என்று உங்கள் குழு நினைத்தால் அதுவும் தப்பு. சாயங்கால வெயிலில் அது கண்ணைக் கூசவைக்கும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடுக்கு (1989) அதை வடிவமைத்த ஐ. எம். பெய் பச்சைச் சாயல் இல்லாத கண்ணாடியைத் தனியாகச் செய்யச் சொன்னதே, பின்னால் உள்ள பழைய சுவரின் நிறம் மாறாமல் தெரியத்தான்.

தோட்டத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். சுவரைத் தொடும்படி புல்தரை போட்டு, ஸ்பிரிங்க்ளர் வைத்துவிடுவார்கள். தினமும் ஊறும் மண்ணிலிருந்து கல்லுக்குள் ஓதம் ஏறும். ஈரம் காயும் இடத்தில் அதனோடு வந்த உப்பு பூக்கும். உப்பு படிகமாகும்போது கல்லின் தோல் பொரியும். விரலால் தடவினால் மாவாக உதிரும். செதுக்கு வேலை அப்படித்தான் போகிறது.

ஆகவே சுவரிலிருந்து மூன்று மீட்டராவது செடியே வேண்டாம். சரளைக்கல் போட்டு, தண்ணீர் வெளிப்பக்கம் ஓடும்படி சரிவு கொடுங்கள். அதற்கு அப்பால் ஆழமாக வேரோடாத செடிகளும் சொட்டுநீரும் போதும். ஆல், அரசு, அத்தி வகை எதுவும் வேண்டவே வேண்டாம். பறவை எச்சத்தில் விழும் விதை கல் இடுக்கில் முளைத்து, வேர் தடிக்கத் தடிக்கக் கல்லைப் பிளக்கும். களிமண் நிலமென்றால் பெரிய மரங்களை இன்னும் தள்ளி வையுங்கள். அவை ஈரத்தை உறிஞ்சினால் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கும்.

இன்னொன்று. தோட்டத்துக்கென்று மண் கொட்டி நிலத்தை உயர்த்தாதீர்கள். மண்டபப் பீடத்தின் அடிவரிசைக் கல் புதைந்துவிடும். மழைநீரும் உள்ளே திரும்பும். வரைபடத்தை முடிக்கும் முன் ஒரு நல்ல மழைநாளில் குடையோடு அங்கே போங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்து பாத்திகளைப் போடுங்கள்.