வாசகர் கேள்விகள்: கூட்டாளியின் சர்வரும் நம் கனெக்டரும்

வெளி நிறுவனங்களுடன் கிளவுட் வழியாகக் கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்வது குறித்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமேசானின் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலி சேவையைப் பற்றியவை. ஆகவே பதில்களும் அந்தச் சேவையை ஒட்டியே அமைகின்றன. வேறு நிறுவனத்தின் கிளவுடைப் பயன்படுத்துவோருக்குப் பெயர்கள் மாறும். கூட்டாளியிடம் கேட்டு வாங்க வேண்டியவையும் சரிபார்க்க வேண்டியவையும் பெரும்பாலும் மாறுவதில்லை.

கேள்வி: எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் ஜெர்மனி வாடிக்கையாளர் நாள்தோறும் ஆர்டர் கோப்புகளைத் தமது எஸ்.எஃப்.டி.பி. (குறியாக்கத்தோடு கோப்புகளைப் பரிமாறும் நெறிமுறை) சர்வரில் வைக்கிறார். எங்கள் ஊழியர் ஒருவர் வின்எஸ்சிபி மென்பொருளில் அவற்றைக் கையால் இறக்கி, அமேசான் கிளவுடில் எங்கள் கோப்புச் சேமிப்பிடமான எஸ்3 பக்கெட்டில் ஏற்றுகிறார். அவர் விடுப்பெடுத்தால் வேலை நின்றுவிடுகிறது. நாங்கள் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலியில் சர்வர் அமைக்க வேண்டுமா, கனெக்டர் அமைக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: கனெக்டர்தான். சர்வர் என்பது நாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பிறர் வருவதற்காகக் காத்திருப்பது. கனெக்டர் என்பது நாமே புறப்பட்டுப் பிறர் வாசலுக்குப் போவது. உங்கள் வாடிக்கையாளரிடம் சர்வர் ஏற்கெனவே இருக்கும்போது நீங்களும் ஒன்றை அமைத்தால் அது எவரும் வராத கடையாகிவிடும். அந்தக் கடைக்கு வாடகையும் உண்டு: பல வட்டாரங்களில் ஒரு நெறிமுறைக்கு மணிக்கு 0.30 டாலர் வீதம், ஒரு கோப்புகூட வராவிட்டாலும், 30 நாளுக்கு 216 டாலர் ஆகும். கனெக்டருக்கு மணிக் கட்டணம் கிடையாது. எத்தனை முறை அழைத்தோம், எவ்வளவு தரவு நகர்ந்தது என்பவற்றுக்கு மட்டுமே பணம். அமேசான் இச்சேவையை 2018 நவம்பரில் சர்வர் வடிவில் மட்டுமே தொடங்கியது, எஸ்.எஃப்.டி.பி. கனெக்டர் 2023இல்தான் வந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு, இதற்காகத் தனிக் கணினி ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கனெக்டரை அமைக்கும் திரையில் கேட்கப்படுபவை சிலவே: வாடிக்கையாளரின் சர்வர் முகவரி, கோப்புகளைத் தொடுவதற்கு அனுமதி தரும் ஐ.ஏ.எம். ரோல், பயனர் பெயரும் சாவியும் வைக்கப்பட்ட சீக்ரெட், எதிர்முனை சர்வரின் ஹோஸ்ட் கீ, எந்தெந்தக் குறியாக்க முறைகளை ஏற்பது என்று வரையறுக்கும் பாதுகாப்புக் கொள்கை. திரையை நிரப்பப் பத்து நிமிடம் போதும். அதில் நிரப்ப வேண்டியவற்றைக் கூட்டாளியிடமிருந்து முறையாகப் பெறுவதற்கு ஒரு வாரம் ஆகலாம் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கேள்வி: நம்பகமான ஹோஸ்ட் கீ என்ற கட்டத்தில் எதை இடுவது என்று தெரியவில்லை. கூட்டாளி நிறுவனமும் எதையும் அனுப்பவில்லை. இணையத்தில் பார்த்து, எஸ்.எஸ்.எச். கீஸ்கேன் கட்டளையை ஓட்டி, வந்ததை அப்படியே ஒட்டினேன். இணைப்பு கிடைத்துவிட்டது. இது போதுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: இணைப்பு கிடைத்திருக்கிறது; யாருடன் கிடைத்தது என்பதுதான் இன்னும் உறுதியாகவில்லை. ஹோஸ்ட் கீ என்பது எதிர்முனை சர்வரின் அடையாளச் சாவி. நம் கனெக்டர் ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்த சர்வர் தன்னிடமுள்ள மறைசாவியால் கையொப்பமிட்டுத் தன்னை மெய்ப்பிக்கிறது. அந்தக் கையொப்பத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத்தான், மறைசாவிக்கு இணையாக வெளியே தரக்கூடிய பொதுச்சாவியை நாம் முன்னரே பதிந்து வைக்கிறோம். கீஸ்கேன் செய்வதோ, அந்த முகவரியில் யார் பதில் சொல்கிறாரோ அவர் நீட்டும் சாவியை வாங்கி அச்சிடுவது மட்டுமே. வாசலில் நிற்பவரிடமே அவர் யார் என்று கேட்டு, அவர் சொன்ன பெயரையே சாட்சியாக எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. அந்த நேரத்தில் நடுவில் ஒருவர் புகுந்திருந்தால், நாம் பதிந்து வைத்தது அவருடைய சாவியாகிவிடும். அதன்பின் உண்மையான சர்வர் வந்தாலும் கனெக்டர் அதைத்தான் சந்தேகிக்கும்.

ஆகவே கீஸ்கேன் செய்தது தவறில்லை, அதோடு நிறுத்தியதுதான் தவறு. வந்த சாவியை எஸ்.எஸ்.எச். கீஜென் கருவியிடம் கொடுத்து அதன் கைரேகையை, அதாவது சாவியின் சுருக்க அடையாளத்தைப் பெறுங்கள், எஸ்.எச்.ஏ.256 என்ற சொல்லுக்குப் பின் 43 எழுத்துகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். பிறகு, ஒப்பந்தத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் கூட்டாளியின் தொழில்நுட்பப் பிரிவை அழைத்து, அவர்கள் சர்வரில் காண்பதை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். சாவியை அனுப்பிய மின்னஞ்சலின் அடியில் இருக்கும் எண்ணுக்கு அழைப்பதில் பயனில்லை. மின்னஞ்சல் போலியானால் எண்ணும் போலியாகவே இருக்கும். 43 எழுத்துகளையும் வாசிக்கச் சொல்வதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். வங்கியில் கணக்கு எண்ணைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்க நாம் கூச்சப்படுவதில்லை.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கீஸ்கேன் தரும் வரியின் தொடக்கத்தில் சர்வரின் பெயர் இருக்கும். அதை நீக்கிவிட்டு, சாவியின் வகையையும் அதைத் தொடரும் நீண்ட எழுத்துத் தொடரையும் மட்டும் இட வேண்டும். கடைசியில் குறிப்பு ஏதும் இருந்தால் அதுவும் வேண்டாம். ஒரு முகவரிக்குப் பின்னால் இரண்டு மூன்று சர்வர்கள் நிற்கும் நிறுவனங்களில், ஒவ்வொன்றிலும் வேறு சாவி இருப்பதுண்டு. இணைப்பு சில வேளை கிடைத்து, சில வேளை சாவிப் பிழையால் அறுந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள். கனெக்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹோஸ்ட் கீக்களைப் பதியலாம் என்பதால், எல்லா சர்வர்களின் சாவிகளையும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிட்டால் தொல்லை தீரும்.

சாவி மாறுவதும் உண்டு. 2023 மார்ச்சில், மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனம் தனது ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் மறைசாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டிருந்ததைக் கண்டு, உடனே அதை மாற்றியது. பழைய சாவியைப் பதிந்து வைத்திருந்த கணினிகளெல்லாம் எச்சரிக்கை காட்டி இணைய மறுத்தன. அப்படி மறுத்தது பழுதன்று, அந்த ஏற்பாடு தன் கடமையைச் செய்தது என்றே கொள்ள வேண்டும். உங்கள் கூட்டாளி சாவியை மாற்றப்போகிறார் என்றால் புதியதை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, பழையதோடு சேர்த்து வைத்து, மாற்றம் முடிந்தபின் பழையதை எடுத்துவிடுங்கள். முன்னறிவிப்பின்றி மாறியிருந்தால், வேலை நிற்கிறதே என்ற அவசரத்தில் புதியதை ஒட்டிவிடாமல், மீண்டும் அதே தொலைபேசி அழைப்பைச் செய்யுங்கள்.

கேள்வி: கடவுச்சொல்லா, சாவியா? கூட்டாளி நிறுவனம் சாவி இணையை உருவாக்கி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறது. பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: சாவிதான் நல்லது, ஆனால் மின்னஞ்சலில் வந்த அந்தச் சாவி வேண்டாம். மறைசாவி அதை உருவாக்கியவரின் கையை விட்டுப் போகக் கூடாது. நீங்கள் ஒரு புதிய இணையை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் அவர்களுக்கு அனுப்புங்கள். அதை எவர் பார்த்தாலும் கேடில்லை. மறைசாவியை, அமேசானின் ரகசியக் காப்பகமான சீக்ரெட்ஸ் மேனேஜரில் பயனர் பெயரோடு ஜேசன் (களப் பெயரும் அதன் மதிப்பும் இணையாக எழுதப்படும்) வடிவில் வையுங்கள். அவ்வடிவில் களப் பெயர்களின் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். சாவியின் ஒவ்வொரு வரி முறிவும் அதற்குரிய குறியீடாக எழுதப்பட்டிருக்க வேண்டும். சாவி சரியாக இருந்தும் உள்நுழைவு தோற்கிறது என்று வரும் கடிதங்களில், வரி முறிவு சிதைந்த கதையே மிகுதி.

கனெக்டருக்குத் தரும் ரோலையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். அந்தச் சீக்ரெட் ஒன்றைப் படிக்கவும், பக்கெட்டில் அந்தக் கூட்டாளிக்கென்று ஒதுக்கிய பகுதியில் எழுதவும் படிக்கவும், சொந்தக் கே.எம்.எஸ். (அமேசானின் குறியாக்கச் சாவி மேலாண்மைச் சேவை) சாவியால் பூட்டியிருந்தால் அதைப் பயன்படுத்தவும் அனுமதி இருந்தால் போதும். எல்லாக் கூட்டாளிகளுக்கும் ஒரே ரோலைக் கொடுத்துவிட்டால், ஒருவருக்கு அனுப்ப வேண்டிய விலைப்பட்டியல் இன்னொருவருக்குப் போவதற்கு ஒரு தட்டச்சுப் பிழை போதுமானதாகிவிடும்.

கேள்வி: எங்கள் ஐ.பி. முகவரியைத் தங்கள் ஃபயர்வாலில் சேர்க்க வேண்டும் என்று கூட்டாளி கேட்கிறார். கிளவுடுக்கு ஏது நிலையான முகவரி?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. அமேசானே பராமரிக்கும் கனெக்டர்களுக்கு மூன்று நிலையான முகவரிகள் ஒதுக்கப்படுகின்றன. கனெக்டரின் விவரப் பக்கத்தில் அவை காட்டப்படும். மூன்றையும் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் இணைப்பு சில நேரம் கிடைத்துச் சில நேரம் கிடைக்காது.

கேள்வி: இணைப்புச் சோதனை வெற்றி என்கிறது. கோப்பு அனுப்பும் கட்டளையும் பிழையின்றி முடிகிறது. ஆனால் கூட்டாளி கோப்பு வரவில்லை என்கிறார். மறுபக்கம், நாங்கள் எடுத்த ஒரு கோப்பு பாதியோடு நின்றிருந்தது. யார் மீது குறை?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சோதனை காட்டுவது சர்வரை அடைய முடிகிறது, உள்ளே நுழைய முடிகிறது என்பதை மட்டுமே. குறிப்பிட்ட கோப்புறையில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதை அது காட்டாது. அனுப்பும் கட்டளையோ, வேலையை ஏற்றுக்கொண்டதற்கு ஓர் அடையாள எண்ணைத் தந்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறது. தபால் நிலையத்தில் தரும் ரசீது போல, சேர்ந்ததற்கு அது சான்றன்று. ஒரே அழைப்பில் பத்துக் கோப்புகள் வரை கொடுக்கலாம் என்பதால், அவற்றில் ஒன்பது போய் ஒன்று தோற்பதும் நடக்கும். ஒவ்வொரு கோப்பின் முடிவையும், நிகழ்வுகளைப் பெற்று விதிப்படி அனுப்பும் அமேசான் சேவையான ஈவண்ட்பிரிட்ஜுக்கு வரும் நிகழ்வுகளில் காணலாம். தோல்வி நிகழ்வு வந்தால் ஒரு மனிதருக்குச் செய்தி போகுமாறு விதி எழுதுங்கள். அந்த விதி இல்லாத அமைப்பை நான் முடிந்ததாகவே கருதமாட்டேன்.

பாதிக் கோப்புக்குக் காரணம் வேறு. அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கோப்பு முழுமையடைந்துவிட்டதா என்று சொல்லும் குறி எதுவும் எஸ்.எஃப்.டி.பி.யில் கிடையாது. எனவே, தற்காலிகப் பெயரில் ஏற்றி முடித்தபின் உரிய பெயருக்கு மாற்றுமாறு கூட்டாளியிடம் கேளுங்கள். பெயர் மாறிய கோப்பை மட்டும் எடுங்கள். எதை எடுத்தோம் என்ற கணக்கையும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகும்.

முடிவுகளோடு கணினிப் பதிவேடுகளையும் (லாக்) சேமியுங்கள். இந்தியக் கணினி அவசரப் பிரிவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்; அதில் பட்டியலிட்ட வகை ஊடுருவல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அமேசானின் பதிவேட்டுச் சேவையான கிளவுட்வாட்சில் பதிவேடுகளின் ஆயுளை முப்பது நாளாகக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தியவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: வழியெல்லாம் குறியாக்கம் இருக்கும்போது கோப்பைத் தனியே பி.ஜி.பி.யால் (கோப்பையே குறியாக்கும் முறை) பூட்ட வேண்டுமா? எங்கள் மேலாளர் இது இரட்டை வேலை என்கிறார்.
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: எஸ்.எஃப்.டி.பி. காப்பது வழியை மட்டும். கோப்பு எதிர்முனையின் வட்டில் இறங்கியதும் அந்தக் காப்பு முடிந்துவிடுகிறது. 2023 மே மாதம் மூவ்இட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த எஸ்.க்யூ.எல். ஊசிப் பிழையை (தரவுத்தளத்துக்குள் தீய கட்டளையைப் புகுத்த இடம் தரும் ஓட்டை) குளோப் என்ற இணையக் குற்றக் கும்பல் பயன்படுத்தியபோது, எவரும் வழியில் ஒட்டுக் கேட்கவில்லை. பரிமாற்ற சர்வர்களில் தங்கியிருந்த கோப்புகளையே அள்ளிச் சென்றார்கள். அனுப்புமுன் பெறுபவரின் சாவியால் பூட்டப்பட்ட கோப்பு அப்படி அள்ளப்பட்டாலும் படிக்க முடியாது. சம்பளம், மருத்துவம், வங்கிக் கணக்கு ஆகியவை அடங்கிய கோப்புகளுக்கு இந்த இரட்டை வேலையைச் செய்யுங்கள். நாளைய விலைப்பட்டியலுக்கு உங்கள் மேலாளர் சொல்வதை ஏற்கலாம். எதுவானாலும், எடுத்து முடித்த கோப்பைக் கூட்டாளியின் சர்வரில் விட்டுவைக்க வேண்டாம் என்று இரு தரப்பும் எழுத்தில் உடன்பட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு கூட்டாளியுடன் ஒப்பந்தம் முடிந்தது. சீக்ரெட்டை அழித்தால் போதுமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: சீக்ரெட்ஸ் மேனேஜர் திரையில் அழித்தால் குறைந்தது ஏழு நாள் காத்திருப்பு உண்டு. அந்நாட்களில் சீக்ரெட்டைப் படிக்க இயலாது என்றாலும், உரிமை உள்ளவர் மீட்டுவிடலாம். எனவே கனெக்டரையும் அதற்கென்று எழுதிய ரோலையும் அன்றே நீக்குங்கள். உங்கள் பொதுச்சாவியைத் தமது சர்வரிலிருந்து எடுத்துவிட்டதாகவும், மூன்று ஐ.பி. முகவரிகளையும் ஃபயர்வாலிலிருந்து நீக்கியதாகவும் கூட்டாளியிடமிருந்து எழுத்தில் பெற்று, ஒப்பந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.