எழாத ஸ்விட்ச்

கேள்வி: பள்ளிக் கணினிக் கூடத்தின் கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் சிஸ்கோ 2960 ஸ்விட்ச்சில் ஃபர்ம்வேர் (அதை இயக்கும் மென்பொருள்) ஏற்றுகையில் மின்சாரம் போய்விட்டது. இப்போது ஸ்விட்ச் எழவே மறுக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா, ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம்! ஸ்விட்ச்சைக் கணினியோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிளை மாட்டி, நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினித் திரையைப் பாருங்கள். ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியுமாக (switch:) நின்றால், ஃபர்ம்வேரைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலான பூட்லோடர் உயிரோடு இருக்கிறது. ஃபிளாஷ்-இனிட் (flash_init) கட்டளை கொடுத்து, ஃபிளாஷில் (ஸ்விட்ச்சின் சேமிப்பு நினைவகத்தில்) உள்ள கோப்புகளைப் பட்டியலிடுங்கள். பழைய ‘பின்’ (.bin) ஃபர்ம்வேர் கோப்பு மிஞ்சியிருந்தால் பூட் கட்டளையில் அதன் பெயரைக் கொடுத்தாலே போதும்.

இல்லையென்றால் கன்சோல் கேபிள் வழியே கோப்பை அனுப்பும் எக்ஸ்மோடம் முறைதான் வழி. இங்கேதான் பலர் பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிவிடுகிறார்கள். 9600 வேகத்தில் 10 எம்பி கோப்பு ஏற ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். ஸ்விட்ச்சிலும் கணினியிலும் வேகத்தை 115200 ஆக மாற்றினால் அரை மணிக்குள் முடியும். இடம் போதாவிட்டால் பாதியில் நின்ற கோப்பை மட்டும் அழியுங்கள். ஃபிளாஷை ஃபார்மட் செய்தால் உங்கள் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் கோப்பும் போய்விடும். இம்முறை யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.