மிச்சமான கிரீம் கேக்கை எப்படி வைப்பது?

கேள்வி: மகள் பிறந்தநாளுக்குக் கிருஷ்ணகிரி பேக்கரியில் ஒரு கிலோ ஃப்ரெஷ் கிரீம் கேக் வாங்கினோம். பாதி மிச்சம். அட்டைப் பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் காய்ந்துபோய், குழம்பு வாசனை அடித்தது. எப்படி வைக்க வேண்டும்?
– வாசகி, காவேரிப்பட்டினம்

பதில்: கோளாறு அட்டைப் பெட்டியில்தான். அது காற்றைத் தடுக்காது. கேக்கின் ஈரம் வெளியேறும், கிரீமிலுள்ள கொழுப்பு பக்கத்துக் குழம்பின் வாசனையை இழுத்துக்கொள்ளும். இறுக மூடும் பெரிய டப்பா ஒன்றை எடுத்து, மூடியின் மேல் கேக்கை வைத்து, டப்பாவை அப்படியே கவிழ்த்து அழுத்துங்கள். கிரீம் நசுங்காது, எடுப்பதும் சுலபம். வெட்டிய பக்கத்தில் பட்டர் பேப்பரை ஒட்டினால் ஸ்பாஞ்ச் வறளாது. கதவுத் தட்டு வேண்டாம். திறக்கும்போதெல்லாம் அங்கே சூடேறும். உள் தட்டில், 4 டிகிரியில், அதிகபட்சம் 3 நாள். பழத்துண்டு வைத்த கேக்கை மறுநாளே முடித்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம், வெளியே இருக்கும் நேரம். பஸ்ஸில் கொண்டுவந்தது, விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தது எல்லாம் சேர்த்து 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் 1 மணி நேரம்தான். தாண்டினால் சில கிருமிகள் விடும் நச்சு, திரும்பக் குளிரவைத்தாலும் போகாது. வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும்.

கிரீம் இல்லாத டீ கேக்குக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், குளிரில் சீக்கிரம் விறைத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே 2, 3 நாள் இருக்கும்.