கறிக்கோழிகளுக்கு வரும் கம்போரோ நோய் என்றால் என்ன? தடுப்பு மருந்து கொடுத்த பண்ணையிலும் அது ஏன் வருகிறது?

கம்போரோ என்பது கோழிக்குஞ்சின் நோய் எதிர்ப்பு உறுப்பையே தாக்கும் வைரஸ் நோய். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலுள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய இது, 1962-இல் தனி நோயாக விவரிக்கப்பட்டது. குஞ்சின் கழிவாய்க்கு மேலே பர்சா என்னும் சிறு பை இருக்கிறது. எதிர்ப்பணுக்கள் முதிர்வது அங்கேதான். பெரும்பாலும் 3 முதல் 6 வார வயதில் வைரஸ் அப்பையைச் சிதைத்துவிடுவதால், பிழைத்த குஞ்சுகளுக்கும் வெள்ளைக்கழிச்சல் போன்ற பிற நோய்கள் எளிதில் தொற்றுகின்றன. என் பார்வையில் உடனடி இறப்பைவிட இதுவே பெரிய இழப்பு.

திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பண்ணையாளர்களைக் குழப்புவது தடுப்பு மருந்தின் தோல்விதான். தாய்க்கோழியிடமிருந்து மஞ்சள் கரு வழியாக வந்த எதிர்ப்புப்பொருள் குஞ்சின் உடலில் மிகுந்திருக்கும்போது மருந்து கொடுத்தால், அதிலுள்ள வலுக்குறைந்த வைரஸையும் அது அழித்துவிடுகிறது. அந்த எதிர்ப்புப்பொருள் முற்றிலும் குறையும்வரை காத்திருந்தாலோ, பண்ணையிலுள்ள நோய்க்கிருமி முந்திக்கொள்கிறது. மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் தேங்கிய நாற்றங்காலில் விதைத்தால் விதை அழுகும், மண் காய்ந்தபின் விதைத்தால் முளைக்காது. இடைப்பட்ட பதம் பார்ப்பதைப் போன்றதே இதுவும். ஒரே கொட்டகைக்குள்ளும் குஞ்சுக்குக் குஞ்சு அந்த எதிர்ப்புப்பொருளின் அளவு மாறுபடுவதால், கால்நடை மருத்துவர் இரத்த மாதிரிகளைச் சோதித்து நாளைக் குறிப்பது நல்லது. குளோரின் கலந்த குடிநீரில் மருந்தைக் கரைத்தாலும் அது வீணாகும். இந்த வைரஸ் கொட்டகையில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது என்பதால், பழைய கூளத்தை முழுவதும் அகற்றுவது கட்டாயம்.

ஆன்டிபயாடிக் மருந்தைக் கூடுதலாகக் கொடுத்தால் கம்போரோ குணமாகும் என்று பலர் நம்புகிறார்கள். அம்மருந்து பாக்டீரியாவைக் கட்டுப்படுத்துமே தவிர, வைரஸை ஒன்றும் செய்யாது.