ஜெர்மனியில் காய்ச்சல் வந்தால்?

கேள்வி: டிசம்பரில் அப்பா, அம்மாவோடு பத்து நாள் ஜெர்மனி போகிறோம். அப்பாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. உடம்புக்கு முடியாமல் போனால் யாரிடம் காட்டுவது? மாத்திரை தீர்ந்தால் கடையில் கிடைக்குமா?
- வாசகி, திருச்சி

பதில்: மாத்திரையைத் தீரவே விடாதீர்கள். நம் ஊர் டாக்டர் சீட்டு அங்கே செல்லாது; ஒரு அட்டை மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரைக்குக்கூட அங்குள்ள டாக்டருக்கு ஃபீஸ் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். வீட்டிலிருந்து பார்சலில் வரவழைக்கவும் வழியில்லை, கஸ்டம்ஸ் நிறுத்திவிடும். கையோடு கொண்டுபோனால் சொந்தத் தேவைக்கு மூன்று மாத அளவு வரை பிரச்சினை இல்லை (தூக்க மாத்திரை, கடும் வலி மருந்துகளுக்கு விதி வேறு). இருபது நாளுக்கு எடுத்து, பாதியை அப்பாவின் கைப்பையிலும் மீதியை உங்களுடையதிலும் வையுங்கள். இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், உறைந்தால் வீண். நம் ஊர் டாக்டர் சீட்டில் மருந்தின் ஜெனரிக் பெயரை (மூலமருந்தின் பெயர்) எழுதி வாங்குங்கள். நம் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

சாதாரணக் காய்ச்சலுக்குச் சிவப்பு 'ஏ' எழுத்துப் பலகை தொங்கும் 'அபொதேக்கே' (மருந்துக்கடை) போதும். பாராசிட்டமால் அங்கேதான், சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. சீட்டில்லாமல் 500 மி.கி. மாத்திரை இருபதுதான் தருவார்கள். ஆன்டிபயாடிக் கேட்டுப் பயனில்லை. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும்; அன்று திறந்திருக்கும் முறைக்கடை எது என்று மூடிய கடையின் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த முறைக்கடையில் மணியடித்தால் சிறு ஜன்னல் வழியாகத் தருவார்கள். கூடுதலாக 2.50 யூரோ.

டாக்டர் வேண்டுமென்றால் காலையிலேயே போங்கள். புதன், வெள்ளி மதியத்துக்கு மேல் பல கிளினிக்குகள் இருக்காது. இரவிலும் வார இறுதியிலும் 116117 எண்ணில் கேட்டால் பணியில் உள்ள கிளினிக்கைச் சொல்வார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் 112. காய்ச்சலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் காத்திருப்பீர்கள். அங்கே வரிசை வந்த நேரப்படி இல்லை, நோயின் தீவிரப்படி.

ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) எடுக்கும் 30,000 யூரோ இன்ஷூரன்ஸைப் பலர் ஃபைலில் போட்டு மறந்துவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் பி.பி.க்கும் அது பொருந்துமா என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். அட்மிட் ஆனால் உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். கிளினிக் பில்லை முதலில் நீங்கள் கட்டி, பிறகு க்ளெய்ம் செய்வதுதான் வழக்கம். ஜெர்மன் டாக்டர்கள் பில்லைப் பல நாள் கழித்துத் தபாலில் அனுப்பும் பழக்கமுள்ளவர்கள். ஊர் திரும்புகிறோம் என்று சொல்லி, நோயின் பெயரோடு பில்லையும் ரசீதையும் கையிலேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: லைப்சிக் நகரில் என் மாமனாருக்குச் சர்க்கரை பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் 7.8 என்று இருக்கிறது. இவ்வளவு குறைவா?
- வாசகர், ஈரோடு

பதில்: குறைவில்லை, அளவுமுறை வேறு. கிழக்கு ஜெர்மனியில் மில்லிமோல் கணக்கு. நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு 18-ஆல் பெருக்குங்கள்: 140. அது வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா என்று கேட்டீர்களா?