பின்பாயிண்டர் எதை வாங்குவது? – கேள்வி பதில்

இங்கிலாந்தின் உழவு வயல்களிலும் கடற்கரைகளிலும் மெட்டல் டிடெக்டருடன் தேடும் உறுப்பினர்கள், பின்பாயிண்டர் குறித்துக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. தோண்டிய குழியிலும் மண்ணிலும் உலோகப் பொருள் சரியாக எங்கே இருக்கிறது என்று ஒலியால் காட்டும் சிறு கைக்கருவிதான் பின்பாயிண்டர்.

கேள்வி: என் டிடெக்டரிலேயே பின்பாயிண்ட் வசதி இருக்கிறது. கையில் பிடிக்கும் பின்பாயிண்டரைத் தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கத்தான் வேண்டும். டிடெக்டரில் உள்ள வசதி எந்த இடத்தில் தோண்டலாம் என்று காட்டும். தோண்டிய பிறகு பொருள் குழியிலேயே இருக்கிறதா, எடுத்துப் போட்ட மண்கட்டிக்குள் வந்துவிட்டதா என்று சொல்வதற்கு அதன் காயில் (உலோகத்தை உணரும் கம்பிச்சுருள்) மிகப் பெரியது. 1662-இல் இயந்திர அச்சு நிலைபெறும் வரை இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்தே வெளியிடப்பட்ட வெள்ளிக் காசுகள் மிக மெல்லியவை. பென்னியை நான்காக வெட்டிச் சில்லறையாகப் புழங்கிய துண்டுகளோ சுண்டுவிரல் நகத்தின் அளவுதான் இருக்கும். ஈரக் களிமண் அப்பிய நிலையில் அவற்றைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. முதலில் குழியின் அடியையும் பக்கங்களையும் முனையால் தடவிப் பாருங்கள். அங்கே ஒலி இல்லையென்றால், மண்கட்டியை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு பாதியையும் முனையருகே கொண்டுவந்து, ஒலிக்காததை ஒதுக்கிவிட்டு, ஒலிப்பதை மீண்டும் உடையுங்கள். நான்காவது, ஐந்தாவது உடைப்பில் காசு உள்ளங்கைக்கு வந்துவிடும், மண்வெட்டியின் கீறலும் அதில் விழாது.

கேள்வி: அதிக ஆழம் காட்டும் கருவியே சிறந்தது என்று கடைக்காரர் சொல்கிறார். சரிதானா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்பாயிண்டரின் முனைக்குள் ஃபெரைட் தண்டின் மேல் சுற்றிய சிறு காயில்தான் இருக்கிறது. சாதாரண நாணயத்தை அது மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் தொலைவில் உணர்ந்தாலே போதுமானது. உணர்திறனை உச்சத்தில் வைத்தால், இரும்புத் தாது மிகுந்த மண்ணைத் தொட்டவுடனேயே கருவி காரணமின்றி ஒலிக்கத் தொடங்கும். அப்படி ஒலிக்காத மண்ணிலும், காசு "இங்கே எங்கோ" இருக்கிறது என்பதற்கு மேல் அதனால் எதையும் சொல்ல முடியாது. ஆகவே மண்ணைத் தொட்டாலும் அமைதியாக இருக்கிறதா, ரீட்யூன் பொத்தான் (சுற்றியுள்ள நிலைக்கு ஏற்பக் கருவியை மீண்டும் அமைதியாக்குவது) விரைவாக வேலை செய்கிறதா என்ற இரண்டையுமே நான் முதலில் பார்ப்பேன். முனையைப் பொருளுக்கு அருகில் வைத்து ரீட்யூன் செய்தால் உணரும் வட்டம் சுருங்கி, பொருள் இருக்கும் இடம் துல்லியமாகப் புலப்படும். தடித்த கையுறையோடு அந்தப் பொத்தானை அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். குளிர்கால வயலில் அதன் அருமை தெரியும்.

கேள்வி: பின்பாயிண்டரை இயக்கியவுடன் டிடெக்டர் கத்துகிறது. எது பழுது?

பதில்: பெரும்பாலும் இரண்டிலுமே பழுது இருக்காது. இரண்டும் நெருங்கிய அலைவரிசையில் இயங்கினால் ஒன்றன் ஒலியில் மற்றது குறுக்கிடும். கேரட் நிறுவனத்தின் புரோ-பாயிண்டர் ஏடி என்ற பின்பாயிண்டர் 11.5 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. உங்கள் டிடெக்டரும் அதற்கு அருகில் இருந்தால், டிடெக்டரில் அலைவரிசையைச் சற்று மாற்றிப் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால், டிடெக்டரைச் சற்றுத் தள்ளி, காயில் வேறு பக்கம் பார்த்தபடி படுக்க வையுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கும் ஆற்றுக்கும் எது ஏற்றது?

பதில்: கேரட் ஏடி, எக்ஸ்பி எம்ஐ-6 ஆகிய இரண்டும் 6 மீட்டர் வரையிலும், மைன்லேப் புரோ-ஃபைண்ட் 35 என்ற கருவி 3 மீட்டர் வரையிலும் நீரைத் தாங்கும். 'ஏடி' என்ற எழுத்துகள் இல்லாத பழைய புரோ-பாயிண்டர் தூறலைத் தாங்குமே தவிர மூழ்கினால் தாங்காது; பழைய பொருளாக வாங்குவோர் கவனிக்க வேண்டும். உப்பு நீர் ஊறிய மணலில் எந்தக் கருவியும் ஒலிக்கக்கூடும், எனவே முனையை அந்த மணலில் வைத்தே ரீட்யூன் செய்யுங்கள். எம்ஐ-6 தன் ஒலியை அதே எக்ஸ்பி நிறுவனத்தின் டியூஸ் டிடெக்டருடைய ஹெட்போனுக்கே அனுப்புவதால், டியூஸ் வைத்திருப்போர்க்கு அது வசதியானது. ஆனால் அதன் பேட்டரி சார்ஜ் செய்யும் வகை. நடுவயலில் தீர்ந்தால் அன்றைய வேலை அத்துடன் நின்றுவிடும். ஏடியில் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிவிட்டுத் தொடரலாம் என்பதால், நாள் முழுவதும் தேடுவோர்க்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: இரும்பைத் தனி ஒலியால் காட்டும் பின்பாயிண்டருக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: புரோ-ஃபைண்ட் 35-இல் அந்த வசதி உண்டு. ஆணியும் காசும் ஒரே குழியில் கிடக்கும்போது இரும்பின் ஒலியை நம்பிக் குழியை மூடிவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான். ஆகவே அதற்காக மட்டும் பணம் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: இணையத்தில் பாதி விலைக்கு ஏடி கிடைக்கிறதே?

பதில்: அந்த மாதிரிக்குப் போலிகள் ஏராளம். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துச் சென்று பழைய கோயில் பக்கம் தேடலாமா?

பதில்: கூடாது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின் பகுதியில் அனுமதியின்றித் தோண்டுவதை இந்தியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற இடங்களிலும், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. பின்பாயிண்டரை இங்கேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். போகும்முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளிருக்கும் இணைப்புகள் அரித்துவிடும்.